தொலைஞ்சா இங்கன நில்லு

பம்பாயைச் சுற்றிப் பார்க்க வந்த ஜனங்களை, பம்பாயைக் கண்ணிலேயே காட்டாமல் பத்திரமாக ஊருக்குத் திருப்பி அனுப்பியதற்கு ஒரு விருது கொடுப்பதென்றால், அதை எங்கள் தாராவி சந்தில் இருந்த தொலைஞ்சா அண்ணாச்சிக்குத்தான் கொடுக்க வேண்டும். போட்டிக்கு இன்னொருவர் வர வாய்ப்பே இல்லை.

அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டில் இருந்தது. அதை அங்கிருந்து யாரும் எடுத்துப் புழங்கியதில்லை. தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு தையல் பட்டறையில் அண்ணாச்சி கட்டிங் மாஸ்டர். ஐம்பது அடுக்குத் துணியை ஒன்றாகப் போட்டு வெட்டினாலும் ஒரு நூல் பிசகாது. ஆனால் அவருக்குப் புகழ் வந்தது வேறு வழியில்.

கணபதி சீசன் வந்தால் எங்கள் சந்தில் எல்லா வீட்டுக்கும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து விருந்தாளிகள் வந்துவிடுவார்கள். கணபதியைப் பார்த்த மாதிரியும் ஆச்சு, பம்பாயைப் பார்த்த மாதிரியும் ஆச்சு என்ற கணக்கு. ஊர் முழுக்க ஜனம் தெருவில் நிற்கும் அந்தப் பத்து நாளில்தான் அவர்களுக்குக் கேட்வேயும் பார்க்க வேண்டும், ஹாஜி அலியும் பார்க்க வேண்டும். வீட்டுக்காரர்களுக்கோ வேலை. அப்போது மஞ்சள் பையோடு வாசலில் வந்து நிற்பார் அண்ணாச்சி. "எத்தன உருப்படி? நான் கூட்டிட்டுப் போறேன்." பைசா வாங்க மாட்டார். வழியில் டீயும் வடாபாவும் அவர் செலவு.

கிளம்புவதற்கு முன் எல்லாருடைய போனையும் வாங்கித் தன் மஞ்சள் பைக்குள் போட்டு, பையை இடுப்போடு இறுக்கிக் கட்டிக்கொள்வார். கூட்டத்தில் எவனாவது அடித்துவிடுவான் என்று பயம். அடுத்தது, பட்டறையில் மிஞ்சிய துணியைப் பட்டை பட்டையாகக் கிழித்துக் கொண்டுவந்து ஆளுக்கொன்றாகத் தோளில் கட்டிவிடுவார். ஒரு வருஷம் ஆரஞ்சு, ஒரு வருஷம் பூப்போட்ட ஊதா. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எல்லாருடைய தலையையும் தட்டி "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணுவார். வயதானவர், போலீஸ் வேலையில் இருப்பவர் என்ற பாகுபாடெல்லாம் கிடையாது. எல்லாத் தலைக்கும் ஒரே தட்டுத்தான்.

இதெல்லாம் பரவாயில்லை. எந்த இடத்துக்குப் போனாலும் அவர் முதலில் காட்டுவது அந்த இடத்தை அல்ல, தொலைந்துபோனால் நிற்க வேண்டிய இடத்தை. "எல்லாரும் பாத்துக்கிடுங்க. தொலைஞ்சா இங்கன நில்லு. அசையப்படாது. நான் வந்துருவேன்." அதை அவர்கள் மனப்பாடம் செய்து ஒப்பித்து முடிப்பதற்குள் அடுத்த பஸ் வந்துவிடும்.

களக்காட்டிலிருந்து வந்த என் மாமாவிடம், "கேட்வே பாத்தீங்களா மாமா?" என்று கேட்டேன்.

"கேட்டு என்னமோ எனக்குத் தெரியல மருமவளே. அதுக்கு எதித்தாப்ல ஒருத்தன் புறாவுக்குத் தானியம் வித்துக்கிட்டு இருந்தான். அவன் மூஞ்சியக் கண்ண மூடிக்கிட்டு வரைஞ்சுருவேன்" என்றார்.

ஒரு வருஷம் பதினொரு பேரோடு போனவர் பன்னிரண்டு பேரோடு திரும்பி வந்தார். பன்னிரண்டாவது ஆள் சோலாப்பூர்க்காரர். ஏதோ ஒரு கணபதி பந்தலில் வரிசையில் சும்மா நின்றவருக்கு அண்ணாச்சி தோளில் துணியைக் கட்டித் தலையிலும் தட்டியிருக்கிறார். அந்த மனிதர் அதைச் சாமிப் பிரசாதம் என்று நினைத்துப் பின்னாலேயே வந்துவிட்டார். நேரத்துக்கு டீ, நேரத்துக்கு வடாபாவ் என்று கிடைத்ததால் அவரும் ஆட்சேபிக்கவில்லை. எங்கள் வீட்டில் சாப்பாடு போட்டு தாதரில் ரயிலேற்றி விட்டோம். "கொறஞ்சாத்தான தப்பு? கூடுனா என்னங்கேன்?" என்றார் அண்ணாச்சி. அடுத்த வருஷம் அந்த ஆள் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து துணி கேட்டார்.

இத்தனை வருஷத்தில் அண்ணாச்சி ஒரே ஒரு ஆளைக்கூடத் தொலைத்ததில்லை. அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்ச நஞ்சமில்லை.

ஊரையெல்லாம் கூட்டிக்கொண்டு சுற்றியவர் தன் மனைவியை மட்டும் கூட்டிவந்ததில்லை. செல்லக்கனி மதினி திசையன்விளைப் பக்கத்துக் கிராமத்தில் மாமியாரைப் பார்த்துக்கொண்டு, மகளை வளர்த்துக்கொண்டு, பீடி சுற்றிக்கொண்டு இருந்துவிட்டார். அண்ணாச்சி வருஷத்துக்கு இருபது நாள் ஊருக்குப் போவார். மற்ற நாளெல்லாம் போனில்தான் குடித்தனம். ஆறேழு வருஷத்துக்கு முன், மாமியார் காலமாகி, மகளுக்கும் கல்யாணம் முடிந்த பிறகு, "இனிமே இங்கன வந்துரு" என்று கூப்பிட்டார். "பத்து நாள் இருந்து பாக்கேன். புடிச்சா இருக்கேன். புடிக்கலன்னா எஞ் சோலியப் பாக்கப் போயிருவேன்" என்று சொல்லி, திரும்பும் டிக்கெட்டைக் கையிலேயே எடுத்துக்கொண்டு வந்து இறங்கினார் மதினி. கணபதி வைத்த அன்றைக்கு.

அண்ணாச்சி அதற்குள் பரண் வைத்த அறை ஒன்று பிடித்து, சுவருக்குச் சுண்ணாம்படித்து, கிரைண்டர், இரண்டு பித்தளைக் குடம், ஜன்னலுக்குத் திரை எல்லாம் வாங்கி வைத்திருந்தார். திரையை அவரே வெட்டித் தைத்தார். மதினிக்குத் தெரியாமல் என்னைக் கூப்பிட்டு, "தங்கச்சி, அவளுக்குப் புடிக்கும்லா?" என்று ஒரே நாளில் நாலு தடவை கேட்டார். நான் அப்போது வடாலாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர் வீடு. என்னைவிட்டால் கேட்க அவருக்கு வேறு ஆள் இல்லை.

நாலு நாள் லீவு போட்டு மதினியைப் பம்பாய் சுற்றிக் காட்டினார். நாலாம் நாள் சாயங்காலம் நான் போய், "எப்படி மதினி எங்க ஊரு?" என்று கேட்டேன்.

மதினி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "கேட்வேல புறாக்காரன். வி.டி. ஸ்டேசன்ல ரெண்டாவது தூணு. ஹாஜி அலில ஜூஸ் கட. தாதர்ல படிக்கட்டுக்குக் கீழ பூக்காரி." மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நிக்கதுக்கு நல்ல ஊருதான். பாக்கதுக்குத்தான் ஒண்ணுமில்ல போலருக்கு."

பரணில் இருந்த பெட்டி பாதி கட்டியாகிவிட்டது என்பதை அப்போதுதான் கவனித்தேன். 

"நாளைக்குக் கடற்கரைல கௌரி கணபதி கரைக்காவளாம். நீயும் வா. இவுக காட்டுததுல எனக்கு ஒண்ணும் வெளங்கல" என்றார் மதினி. மறுநாள் நான் ஆபீசுக்கு மட்டம் போட்டேன்.

அந்த வருஷத்துத் துணி கிளிப்பச்சை. மதினிக்கு ஒன்று, எனக்கு ஒன்று, தனக்கு ஒன்று. இரண்டு வாரத்துக்கு முன் தாதர்க் கடைக்காரர் ஒருவருக்காக அறுநூறு பச்சைத் துண்டுகளை அண்ணாச்சி தன் கையாலேயே வெட்டிக் கொடுத்திருந்தார். அதில் மிஞ்சியது இது. "கூட்டத்துல பளிச்சுன்னு தனியாத் தெரியும் பாரு" என்றார். என் போனும் மதினியின் போனும் மஞ்சள் பைக்குள் போயின. மாஹிமில் லோக்கல் பிடித்து சர்னி ரோட்டில் இறங்கினோம். மணி நாலு.

கிர்காவ் சௌபாட்டியில் மணலே தெரியவில்லை. தலைதான் தெரிந்தது. ஒரு பக்கம் டோல் முழங்கிக்கொண்டு வந்தது. மதினி கடலைப் பார்க்கக் கழுத்தை நீட்டினார். அண்ணாச்சி அவரைத் தோளைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினார். அங்கே ஓர் ஐஸ் கோலா வண்டி நின்றது. ஐஸைத் துருவிக் குச்சியில் பிடித்துக் கலர் சர்பத் ஊற்றித் தருவார்களே, அது. வரிசையாகச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு பாட்டில்கள். மருதாணி போட்ட தாடியோடு வண்டிக்காரர் நின்றார்.

"செல்லம், நல்லாப் பாத்துக்கோ. தொலைஞ்சா இந்த வண்டிகிட்ட நில்லு. என்ன ஆனாலும் வண்டிய விட்டு அசையப்படாது. நான் வந்துருவேன்."

"சரிங்க."

"எங்க சொல்லு."

"வண்டிய விட்டு அசைய மாட்டேன்."

அவர் மூன்றாம் முறை சொல்ல வாயெடுத்தபோதுதான் அந்தப் பெண்கள் கூட்டம் வந்தது. லேஜிம் என்ற சலங்கைக் கோலைக் குலுக்கி ஆடிக்கொண்டு, மூக்கில் நத்து, கையில் பச்சை வளையல், தோளில் கிளிப்பச்சைத் துண்டு. ஒன்று, பத்து, நூறு. அண்ணாச்சி வெட்டிய அறுநூறும் மொத்தமாக நடந்து வந்தன. அலை மாதிரி எங்களுக்குள் புகுந்து எங்களைப் பிரித்துப் போட்டுவிட்டுப் போயின. அண்ணாச்சி பதறிப்போய், பக்கத்தில் தெரிந்த பச்சைத் துணிக்கு மேலிருந்த தலையை "ஒண்ணு" என்று தட்டினார். ஒரு மராட்டிப் பெண்மணி திரும்பி முறைத்தாள். இன்னொரு பச்சையைத் தட்டினார். அது என் தலை.

மதினி இல்லை.

"பயப்படாத. வண்டிகிட்ட நிப்பா" என்றார் அண்ணாச்சி. போய்ப் பார்த்தோம். வண்டி நின்ற இடத்தில் ஐஸ் உருகிய ஈரம் மட்டும் வட்டமாக இருந்தது. வண்டி இல்லை.

போனை எடுத்து மதினிக்கு அடித்தார். அவர் இடுப்பிலேயே மணி அடித்தது. மஞ்சள் பையைப் பார்த்துக்கொண்டே நின்றார். நம்பர்களெல்லாம் அந்தப் போனில்தான் இருக்கின்றன. மதினிக்கு மனப்பாடமாக எதுவும் தெரியாது, எங்கே நிற்பது என்பதைத் தவிர.

என் போனை வாங்கிக்கொண்டு, காணாமல்போனவர்களை அறிவிக்கும் பந்தலுக்கு ஓடினேன். அடையாளம் கேட்டார்கள். பச்சைத் துணி கட்டிய பெண்மணி என்றேன். மைக்கில் சொன்னார்கள். ஐந்து நிமிஷத்தில் முப்பது பச்சைப் பெண்மணிகள் வந்து, நாங்கள் யாரும் தொலையவில்லையே என்று மைக்கில் இருந்த பையனைச் சண்டைக்கு இழுத்தார்கள்.

கூட்டத்தில் நீந்தித் திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அண்ணாச்சி அந்த ஈர வட்டத்தின் மேலேயே நின்றுகொண்டிருந்தார். ஈரம் காய ஆரம்பித்திருந்தது. அழிந்துவிடக் கூடாது என்று செருப்பால் சுற்றிக் கோடு கிழித்து வைத்திருந்தார். வருகிறவர் போகிறவர் எல்லாம் இடித்தார்கள். மனிதர் அசையவில்லை.

"அண்ணாச்சி, வாங்க, நாமளும் சுத்தித் தேடலாம்."

"நீ போ தங்கச்சி. நான் அசையப்படாது. அவ இங்கனதான் வருவா. நான் சொல்லிருக்கேன்."

"எவ்வளவு நேரம் இப்படியே நிப்பீங்க?"

அவர் என்னைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்தபடியே சொன்னார். "நான் இந்த ஊருக்கு வந்த அன்னைக்குத் தாதர்ல எங்க மாமா கைய விட்டுட்டேன். இதே மாதிரி கணபதிக் கூட்டம். பதினேழு வயசு. ஒரு எடத்துல நின்னுருந்தா மாமா வந்து புடிச்சுருப்பாரு. எங்கன நிக்கன்னு யாரும் சொல்லலியே. காலைல இருந்து பொழுதடையுத மட்டும் நடந்தேன். எந்த எடத்துல நின்னாலும், இது இல்ல போலருக்கு, அடுத்த எடமா இருக்கும்னு தோணிச்சு." செருப்பால் கோட்டை இன்னொரு தரம் அழுத்திக் கிழித்தார். "செல்லம் அப்படி நடக்கப்படாது தங்கச்சி."

இத்தனை வருஷமாக நாங்கள் சிரித்த சிரிப்பெல்லாம் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. அவருக்குப் பக்கத்தில் நின்று நானும் சேர்ந்து அழுதிருப்பேன். ஆனால் வட்டத்தில் ஒரு ஆளுக்குத்தான் இடம் இருந்தது. பக்கத்தில் நின்ற போலீஸ் ஹவல்தாரிடம் போய், இங்கே இருந்த வண்டி எங்கே என்று கேட்டேன். ஊர்வலத்துக்கு இடைஞ்சல் என்று எல்லா வண்டிகளையும் கிளப்பி, கடற்கரையின் அந்தக் கோடியில் வால்கேஷ்வர் மேடு ஆரம்பிக்கும் மூலைக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்.

நாலு நாள் பழக்கம்தான் என்றாலும் மதினியை எனக்குத் தெரியும். வண்டியை விட்டு அசையக் கூடாது என்று சொன்னால், அசைய மாட்டார். நான் ஓடினேன்.

அந்த மூலையில் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் நின்றன. நடுவில் மருதாணித் தாடிக்காரர் ஐஸ் துருவ, கிளிப்பச்சைத் துணியைத் தலையில் முண்டாசாகக் கட்டிக்கொண்டு, வாளித் தண்ணீரில் கண்ணாடி டம்ளர் அலம்பிக்கொண்டிருந்தார் எங்கள் செல்லக்கனி மதினி. சிரித்தபோது நாக்கெல்லாம் கறுநீலம்.

"மதினி! இங்க எப்படி வந்தீங்க?"

"வண்டியோடதான். போலீசு வண்டியத் தள்ளச் சொன்னாம் பாத்துக்கோ. நான் விடுவனா? இந்தக் கம்பியப் புடிச்சுக்கிட்டே வந்துட்டேன். பாவம், பெரியவருக்கு மூச்சு வாங்கிச்சு. நானும் ஒரு கை குடுத்துத் தள்ளுனேன்." வண்டிக்காரர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "பஹுத் அச்சீ பெஹன் ஹை", ரொம்ப நல்ல தங்கச்சி, என்றார். அவருக்குத் தமிழ் தெரியாது, மதினிக்கு இந்தி தெரியாது. இரண்டு மணி நேரமாக ஓயாமல் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பெரியவருக்கு எத்தனை பேரப்பிள்ளைகள் என்பது வரைக்கும் மதினி சொன்னார்.

"சரி வாங்க, அண்ணாச்சி அங்க துடிச்சுக்கிட்டு இருக்காக."

"நான் எப்படி வர? அவுகதான வண்டிய விட்டு அசையப்படாதுன்னு சொன்னாவ. அவுகள வரச் சொல்லு."

போன் போட்டு மதினி கையில் கொடுத்தேன். ஸ்பீக்கரில் டோல் சத்தத்துக்கு நடுவே அண்ணாச்சி குரல் கேட்டது.

"செல்லம்! எங்கட்டி நிக்க?"

"வண்டிகிட்ட. நீங்க எங்க நிக்கிய?"

"வண்டி நின்ன எடத்துல."

"வண்டி இங்கனல்லா நிக்கி."

 வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணாச்சி தன்னுடைய சட்டத்தில் ஓட்டை இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். பிறகு, "அசையாத. நான் வாரேன்" என்றார்.

வந்தார். ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. தோளில் பச்சைத் துணி இல்லை. அதை அங்கே ஒரு கம்பியில் கட்டிவிட்டு வந்தாராம். "நடுவுல ஒருவேள இவ அங்கன வந்துட்டான்னா?" என்றார். மதினியோடு போனில் பேசிவிட்டு வருகிற மனிதர்!

மதினிக்கு எதிரில் வந்து மூச்சிரைக்க நின்றார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். கையைத் தூக்கினார். முண்டாசின் மேல் மெதுவாகத் தட்டி, "ஒண்ணு" என்றார். அப்படியே உடைந்து அழுதுவிட்டார்.

"இந்தா, என்ன இது, ஆளுக பாக்காக" என்று மதினி அதட்டினார். பிறகு ஒரு கோலாவை வாங்கி அவர் கையில் திணித்தார். "தின்னுங்க. கறுப்புத்தான் நல்லாருக்கு. திரும்பி அங்கன பாருங்க."

பொழுது சாய்ந்து மெரைன் டிரைவ் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. அந்த மூலையிலிருந்து பார்த்தால் கரை முழுக்க வளைந்து கிடப்பது ஒரே பார்வையில் தெரியும். கடலுக்குள் கணபதிகள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி குச்சியிலிருந்து சாயம் முழங்கை வரைக்கும் ஒழுக, வாயைத் திறந்தபடி பார்த்தார். முப்பது வருஷத்தில் நூறு தடவை வந்திருப்பார். வந்தபோதெல்லாம் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, இது நல்லாருக்கே" என்றார்.

"நான் நாலு மணில இருந்து பாத்துக்கிட்டுல்லா இருக்கேன். இத ஏன் நீங்க எனக்கு மொதல்லயே காட்டல?"

"எனக்கே இப்பந்தான தெரியும்."

 மறுநாள் காலையில் அண்ணாச்சி என் வீட்டு வாசலில் நின்றார். கையில் மதினியின் திரும்பும் டிக்கெட். "தங்கச்சி, இத ஒன் போன்ல கேன்சல் பண்ண முடியுமா? அவதான் தந்தா. சித்திவிநாயகர் கோயிலு, எலிபெண்டா எல்லாம் பாக்கணுமாம். அவ கூட்டிட்டுப் போறாளாம். என்னயப் பின்னால வரச் சொல்லிருக்கா." சொல்லிவிட்டு, கறுநீல நாக்கு தெரியச் சிரித்தார்.

கல்யாணமாகி நான் செம்பூருக்கு வந்தபோது, புது வீட்டைப் பார்க்க இரண்டு பேரும் வந்தார்கள். மதினி அறை அறையாகப் பார்த்து அலமாரியெல்லாம் திறந்து மூடினார். அண்ணாச்சி எதையும் பார்க்கவில்லை. என்னைக் கீழே கூட்டிக்கொண்டு போய், கேட்டுக்குப் பக்கத்தில் வாகை மரத்தடியில் இருந்த இஸ்திரிக்காரர் மேசையைக் காட்டினார்.

"தொலைஞ்சா இங்கன நில்லு, தங்கச்சி. நான் வந்துருவேன்."

"அதுக்குக் காலு இருக்கா, சக்கரம் இருக்கான்னு மொதல்ல குனிஞ்சு பாருங்க" என்று பால்கனியிலிருந்து மதினி கத்தினார். அண்ணாச்சி நிஜமாகவே குனிந்து பார்த்தார்.

வீடு, வேலை, லோன், கூகுள் மேப் எல்லாம் இருக்கிற பொம்பளைக்கு, சொந்த பில்டிங் வாசலில் தொலைந்துபோவதற்கு ஒரு இடம். அன்றைக்கு நான் சிரித்தேன். போன மாதம் இஸ்திரிக்காரர் மேசையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போக, அந்த இடத்தில் யாரோ பைக்கைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். எனக்கு வந்த கோபம் எனக்கே ஆச்சரியம். சொசைட்டி செக்ரெட்டரியிடம் போய்ச் சண்டை போட்டேன்.

"அங்க உங்க வண்டிய நிறுத்தணுமா மேடம்?" என்று கேட்டார் அவர்.

"இல்லை" என்றேன். "நான் நிற்கணும்."